பேரு வேணாம், நம்பர் சொல்லு

எங்கள் ஆலையில் அவரை நான்கு விதமாகக் கூப்பிட்டார்கள். கேட்டில் இருந்த கன்னடக்காரர் ஒரு மாதிரி, கேன்டீன் அக்கா ஒரு மாதிரி, வீட்டிலிருந்து போன் வந்தால் தெலுங்கில் இன்னொரு மாதிரி, அடையாள அட்டையில் எழுத்துப்பிழையோடு வேறொரு மாதிரி. நான்குக்கும் திரும்பிப் பார்ப்பார். யாரையும் திருத்தமாட்டார். "எப்படிக் கூப்பிட்டாலும் வரப்போறது நான்தானேப்பா" என்பார். அதனால் இங்கேயும் நான் அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுத நினைத்தாலும் நான்கில் எதை எழுதுவது என்று தெரியவில்லை.

ஒசூரில் பிரேக் உதிரிபாகங்கள் செய்யும் ஆலை அது. நான் கம்ப்யூட்டர் பிரிவில் நிரந்தர ஊழியன். அவர் ஒரு ஏஜென்சி மூலம் வந்த காண்ட்ராக்ட் ஆள். சர்வர்களையும் அவற்றுக்குள் இருக்கும் டிஸ்க்குகளையும் பார்த்துக்கொள்வது எங்கள் இரண்டு பேருடைய வேலை. வயதும் ஏறக்குறைய ஒன்றுதான். மற்றவர்கள் முன்னால் என்னை 'சார்' என்பார். சர்வர் அறைக் கதவைச் சாத்தியதும் 'ஏன்ப்பா' ஆகிவிடுவேன். நான் அவரை எங்கேயும் 'பாஸ்' என்றுதான் கூப்பிட்டேன்.

எங்கள் தொழில் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். சர்வரை ஆன் செய்ததும் தனக்குள் இருக்கும் டிஸ்க்குகளை அது ஒவ்வொன்றாகப் பார்க்கும். முதலில் கண்ணில் பட்டதற்கு எஸ்டிஏ, அடுத்ததற்கு எஸ்டிபி, அதற்கும் அடுத்ததற்கு எஸ்டிசி என்று பெயர் வைக்கும். ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பது மாதிரிதான். இன்றைக்கு இரண்டாம் டோக்கன் வாங்கியவர் நாளைக்கு மூன்றாம் டோக்கன் வாங்கலாம். எல்லா சர்வரிலும் ஒரே பெயரும் கிடையாது. பழையதில் எஸ்டிபி என்று இருக்கும் இரண்டாவது டிஸ்க், இன்னொன்றில் விடிபி. புதிதாக வாங்கியதில் என்விஎம்இ என்று ஆரம்பித்து வாயில் நுழையாத நீளத்துக்கு ஒன்று. வேலை மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றுதான். இரண்டாவது டிஸ்க்கை மாட்டு, உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துச் சுத்தமாக்கு, தகவல் வைக்கத் தயார் செய்.

அவர் எந்த டிஸ்க்கையும் பெயர் சொல்லித் தொடமாட்டார். டிஸ்க்கின் முதுகில், அதைச் செய்த இடத்திலேயே அச்சடித்த சீரியல் நம்பர் இருக்கும். எந்த சர்வரில் மாட்டினாலும், எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் அது மாறாது. அதன் கடைசி நாலு எழுத்தை வெள்ளை லேபிளில் எழுதி வெளியே தெரிகிற மாதிரி ஒட்டுவார். பிறகு திரையில் அதே நம்பரை வரவழைத்து, லேபிளையும் திரையையும் விரல் வைத்து ஒப்பிடுவார். ஒரு முறை அல்ல, மூன்று முறை. நான் பக்கத்தில் நின்று கொட்டாவி விடுவேன். "எஸ்டிபிதான் பாஸ், தட்டி விடுங்க" என்றால் காதில் விழாத மாதிரி இருப்பார். அப்புறம் திரும்பாமலேயே, "பேரு வேணாம், நம்பர் சொல்லு" என்பார். பெங்களூரிலிருந்து போனில் யாராவது கேட்டால் அதுவே "ஹெசரு பேடா, நம்பர் ஹேளு." பாகலூர்க்கார எலக்ட்ரீஷியனிடம் தெலுங்கில் "பேரு ஒத்து, நம்பரு செப்பு." மூன்று பாஷையிலும் ஒரே குரல், ஒரே இழுப்பு. இப்போதும் சர்வர் அறையில் ஏ.சி. இரைச்சலுக்கு நடுவில் அது எனக்குக் கேட்கிறது. பொய் சொல்லவில்லை, கேட்கிறது.

டிஸ்க்கோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மனிதர்களிடமும் இதே கூத்துதான். ஒருநாள் கேட்டில் யாரோ ஒரு டிபன் பாக்ஸைக் கொடுத்து, "மஞ்சுகிட்ட குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். எங்கள் ஆலையில் நான்கு மஞ்சு. இரண்டு ஆண், இரண்டு பெண். வேறு யாராக இருந்தாலும் முதலில் கண்ணில் பட்ட மஞ்சுவிடம் நீட்டிவிட்டுப் போயிருப்பார்கள். இவர் டிபன் பாக்ஸைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மஞ்சுவாகப் போய், வீடு எங்கே, காலையில் என்ன சமையல், பாக்ஸ் மூடியில் என்ன அடையாளம் என்று விசாரித்தார். சரியான மஞ்சு கைக்குப் போவதற்குள் சாப்பாட்டு நேரமே முடிந்துவிட்டது. அன்றிலிருந்து அவருக்கு ஐந்தாவதாக ஒரு பெயர் கிடைத்தது: சென்சஸ். அதற்கும் திரும்பிப் பார்த்தார்.

என் தங்கை கல்யாணத்துக்குக் கிருஷ்ணகிரி வந்தார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மண்டபம். இரண்டு வாசலிலும் வாழைமரம், இரண்டு போர்டிலும் மாப்பிள்ளை பெயர் வெங்கடேஷ். வாசலில் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்த என் அப்பாவிடம், "பொண்ணோட அண்ணனுக்குக் கம்பெனியில வருகைக்குப் போடற பஞ்ச் நம்பர் என்னங்க?" என்று கேட்டிருக்கிறார். அப்பா அன்று ராத்திரி என்னிடம், "ஆளு நல்லவருதான் போல, ஆனா கொஞ்சம் கழண்ட கேஸுடா" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

ஏன் இப்படி என்று ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறேன். கெலவரப்பள்ளி அணைப் பக்கம் பைக்கில் போயிருந்தோம். மழை பெய்து ஆற்றில் தண்ணீர் திறந்திருந்தார்கள். ஆலைக் கழிவு கலந்து வெள்ளை வெள்ளையாக நுரை பொங்கி, காற்றில் பிய்ந்து ரோட்டில் உருண்டுகொண்டிருந்தது. வண்டியை ஓரம் கட்டி அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்போதுதான் கேட்டேன். நுரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, "எங்கம்மா படுத்திருந்த வார்டுல அதே பேருல இன்னொரு அம்மா இருந்தாங்க. அவ்ளோதாம்ப்பா" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது என்பதுதான் உண்மை.

எனக்குப் பொறுமை கிடையாது. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். நாற்பது சர்வருக்கும் ஒவ்வொன்றாக லேபிள் ஒட்டி நம்பர் பார்த்துக்கொண்டிருந்தால் உருப்பட முடியுமா என்று, கட்டளைகளைத் தானாகவே வரிசையாக ஓட்டும் ஒரு ஸ்கிரிப்டை நானே எழுதினேன். சர்வருக்குள் போய், புது டிஸ்க்கின் பெயரைக் கொடுத்துவிட்டால் போதும். துடைக்கும், தயார் செய்யும், சேர்த்துவிடும். 'நிச்சயமா அழிக்கட்டுமா?' என்று கம்ப்யூட்டர் கேட்கும் கேள்வியையும் எடுத்துவிட்டேன். அது எரிச்சலாக இருந்தது. அவரிடம் பெருமையாகக் காட்டினேன். மேலிருந்து கீழே படித்தார்.

"நல்லா ஓடும்" என்றார். "ஆனா இதுக்குக் கண்ணு இல்லப்பா."

"கண்ணுக்கு நான் இருக்கேன் பாஸ்."

அவர் தான் பார்க்கும் எந்த சர்வரிலும் அதை ஓட்டவிடவில்லை. எனக்கு முகம் தொங்கிப்போய் இரண்டு நாள் அவரோடு டீ குடிக்கப் போகவில்லை.

பிறகுதான், தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் ஷாப்பில் ஒரு விபத்து நடந்தது. ஒரு புதன்கிழமை காலை ஷிஃப்ட். நாகரசம்பட்டியிலிருந்து வந்து ஒசூரில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு பெண், காண்ட்ராக்ட் தொழிலாளி. வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. அந்த மெஷினில் இரண்டு பச்சைப் பொத்தான்கள் உண்டு. இரண்டு கையாலும் இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும், அதனால் கை உள்ளே மாட்ட வழியில்லை. அன்றைக்கு ஒரு பொத்தானை டேப் சுற்றி அமுக்கியே வைத்திருந்தார்கள். ஒரு கை மிச்சமானால் வேலை வேகமாக நகரும். சூப்பர்வைசர்தான் சுற்றினார் என்று அந்தப் பெண் சொன்னார். அந்தப் பெண்ணே சுற்றிக்கொண்டது என்று சூப்பர்வைசர் சொன்னார். தானே சுற்றியது என்று முடிவானால் நஷ்டஈடு கிடையாது, வேலை கிடையாது, பழி மட்டும் மிஞ்சும். காண்ட்ராக்ட்காரன் இ.எஸ்.ஐ. காப்பீட்டிலும் சேர்த்திருக்கவில்லை. யார் சொல்வது நிஜம் என்று பார்த்தது மெஷினுக்கு மேலே இருந்த கேமரா மட்டும்தான்.

கேமரா பதிவுகள் இருந்த சர்வரில் டிஸ்க் நிரம்பிக்கொண்டிருந்தது. நிரம்பினால் பழைய பதிவு மேலேயே புதுசு எழுதப்படும். அந்தப் புதன்கிழமைப் பதிவு போய்விடக்கூடாது என்றுதான், அதைக் காப்பாற்றத்தான், சனிக்கிழமை இன்னொரு டிஸ்க் சேர்த்தோம். பதிவைத் திங்கட்கிழமை தனியாகப் பிரதி எடுத்துக் கொடுப்பதாக ஏற்பாடு. டிஸ்க்கை அவர்தான் மாட்டினார். சர்வரை ஆன் செய்தோம். லேபிள் ஒட்டப் பார்த்தால் லேபிள் தாள் தீர்ந்துவிட்டிருந்தது.

"பஸ் ஸ்டாண்டு பக்கம் போயி வாங்கிட்டு வந்துர்றேன். அரை மணி நேரம். அது வரைக்கும் கை வெக்காத" என்றார்.

சனிக்கிழமை மதியம். பசி. வீட்டில் பிரியாணி செய்திருப்பதாக போன் வேறு வந்துவிட்டது. ஏற்கெனவே இருந்தவை எஸ்டிஏ, எஸ்டிபி. அப்படியென்றால் புதுசு எஸ்டிசி. இதற்கு எதற்கு லேபிள்? என் ஸ்கிரிப்டை எடுத்து எஸ்டிசி என்று கொடுத்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சேர்ந்துவிட்டது, கேமராக்கள் எழுத ஆரம்பித்துவிட்டன. நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவருக்காக நின்றேன், எப்படி வேலையை முடித்துவிட்டேன் பார் என்று காட்ட.

அவர் வந்தார். திரையைப் பார்த்தார். சீரியல் நம்பரை வரவழைத்தார். கையிலிருந்த லேபிள் தாளைக் கீழே வைத்துவிட்டு, சர்வருக்குள் குனிந்து டிஸ்க்கின் முதுகைப் பார்த்தார். மறுபடி திரை. மறுபடி டிஸ்க். மூன்றாவது தடவை பார்க்கவில்லை. நேராகப் போய்க் கேமராப் பதிவை நிறுத்தினார்.

"இது பழசுப்பா" என்றார்.

ஆன் செய்தபோது புது டிஸ்க் முந்திக்கொண்டுவிட்டது. அதற்கு எஸ்டிபி, பழையதற்கு எஸ்டிசி. டோக்கன் மாறிவிட்டது. நான் துடைத்தது புதன்கிழமையை.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். மூன்று நாள் வீட்டுக்குப் போய் வந்த நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அந்த டிஸ்க்கோடு உட்கார்ந்து, அழிந்ததிலிருந்து ஏதாவது தேறுமா என்று தோண்டிக்கொண்டிருந்தார். கடைசியில் பன்னிரண்டு விநாடி கிடைத்தது. ஷிஃப்ட் ஆரம்பம். டேப் சுற்றுவதற்கு முன்னால். அந்தப் பெண் மெஷினுக்கு முன்னால் வந்து நின்று, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, இரண்டு பொத்தானிலும் இரண்டு கையையும் வைக்கிறார். பத்து விரலும் இருக்கின்றன. அவ்வளவுதான், அதற்கப்புறம் திரை கறுப்பு. அதை வைத்து யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. அந்தப் பன்னிரண்டு விநாடியை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கே கிடையாது. கண்ணை மூடினால் அந்த விரல்கள்தான்.

செவ்வாய்க்கிழமை ஹெச்.ஆர். மேனேஜர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். என் வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். மேனேஜர் நாற்காலி காட்டி உட்காரச் சொன்னார். காபி வந்தது. "மெஷின்னா கெட்டுப்போறது சகஜம்தானேப்பா" என்று என் தோளைத் தட்டினார். 'டிஸ்க் பழுதாகிப் பதிவு இழக்கப்பட்டது' என்று டைப் செய்து வைத்திருந்த தாளில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் போதும். அந்தத் தோள்தட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

பாஸ் தாளை வாசித்துவிட்டு மேஜையில் வைத்தார். "டிஸ்க்கு நல்லாத்தான் இருக்குதுங்க சார். கெட்டுப்போகல. நாங்க அழிச்சிட்டோம். தெரியாம அழிச்சிட்டோம்."

'நாங்க' என்றார். கவனியுங்கள். ஸ்கிரிப்ட் என்னுடையது, கை என்னுடையது, பசி என்னுடையது.

நான் கையெழுத்துப் போட்டேன்.

அந்த மாதக் கடைசியோடு அவருடைய காண்ட்ராக்ட்டை முடித்துவிட்டார்கள். டிஸ்க்கை ஸ்கிராப்பில் போட்டு நசுக்கிவிட்டார்கள். போகும்போது என் மேஜைக்கு வந்து, "சாப்பாட்ட நேரத்துக்குச் சாப்பிடு" என்று மட்டும் சொன்னார். அதைக் குத்தலாகச் சொன்னாரா, அக்கறையாகச் சொன்னாரா என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. லேபிள் தாளை முன்கூட்டியே வாங்கி வைத்திருக்க வேண்டியதுதானே? நாலு எழுத்து எழுத ஒரு துண்டுக் காகிதம் போதாதா? இப்படியெல்லாம் யோசித்து நியாயம் தேடினேன்.

சில மாதம் கழித்து போன் செய்தார். அந்தப் பெண் தொழிலாளர் அலுவலகத்தில் கேஸ் போட்டிருக்கிறார், கிருஷ்ணகிரியில் விசாரணை என்றார்.

"நான் சொன்னா, வேலைய விட்டு அனுப்பின ஆளு கோவத்துல பேசறான்னு தள்ளிருவாங்கப்பா. நீ இன்னும் உள்ள இருக்கிற ஆளு. டிஸ்க்கு கெடல, தப்பா அழிஞ்சிருச்சுன்னு நீ வந்து சொன்னா, கம்பெனி எழுதிக் குடுத்தது பொய்யின்னு ஆயிரும். அப்ப அந்தப் பொண்ணு பேச்ச நம்புவாங்க. வர்றியா?"

"அன்னைக்கு ஆடிட் பாஸ்" என்றேன். ஆடிட் எதுவும் இல்லை.

"சரிப்பா, அடுத்ததுக்கு வா" என்றார். அடுத்த முறை நான் போனை எடுக்கவில்லை. அதற்கடுத்த முறையும். பிறகு போன் வரவில்லை. அப்பாடா என்று இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நாலு வருஷம் ஓடிவிட்டது. போன வாரம் ஒரு வேலையாகக் கிருஷ்ணகிரி போனவன், திரும்பும்போது மாங்காய் மண்டி ஒன்றில் வீட்டுக்குப் பழம் வாங்க நின்றேன். ஒரு பெண் தரையில் உட்கார்ந்து பழங்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். இடது கைதான் வேலை செய்தது. வலது கை கூடையை அணைத்துப் பிடித்திருந்தது. நான் அவரை நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் அந்தக் கையைத் துடைக்கிற விதம்! முந்தானையை இழுத்து, முதலில் உள்ளங்கை, அப்புறம் புறங்கை. பன்னிரண்டு விநாடி. அந்தப் பெண்ணேதான்.

என் சட்டையில் இருந்த கம்பெனி எழுத்தைப் பார்த்துவிட்டார். "நீங்க அந்தக் கம்பெனிங்களா சார்?"

ஆமாம் என்றேன்.

"அங்க கம்ப்யூட்டருல ஒரு சாரு இருந்தாரே, தெரியுங்களா? எல்லாத்துக்கும் நம்பரு கேப்பாரே."

"தெரியும். இப்ப எங்க இருக்காரு?"

"போயிட்டாருங்க. போன தை மாசம். நெஞ்சு வலின்னாங்க."

கையிலிருந்த பழத்தைக் கூடையில் போட்டேன். வேறு கூடையில் போட்டுவிட்டேன் போல. அந்தப் பெண் அதை எடுத்துச் சரியான கூடையில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டே போனார். "கேஸு இன்னும் நடந்துட்டுதான் கீதுங்க. ஒரு வாய்தா விடாம வந்துருவாரு. டிஸ்க்கு கெட்டுப்போகலன்னு அடிச்சுச் சொல்லுவாரு. அழிச்சது யாருன்னு ஆபீசரு கேட்டா மட்டும் சொல்லமாட்டாரு. அழிச்சவரே வந்து சொல்லுவாருங்க, நல்லவரு, பயந்துட்டாரு, ஆனா வருவாரும்பாரு. ஒவ்வொரு தடவையும் வாசலயே பாத்துட்டு உக்காந்திருப்பாருங்க சார். அது யாருன்னு உங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியாதுங்க" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. பாவி வாய்.

"பரவால்லீங்க." ஒரு பழத்தை முகர்ந்து பார்த்து ஒதுக்கி வைத்தார். "இப்ப அவரும் இல்ல. அதான் நானே சொல்லிட்டு வர்றேன். போன வாய்தாவுலயும் ஆபீசருகிட்ட சொன்னேன், வருவாருங்க, கொஞ்சம் பொறுங்கன்னு."

"அடுத்த வாய்தா எப்பங்க?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். "வர்ற வியாழக்கெழம, பத்தரைக்கு" என்றார்.

நேற்று கம்ப்யூட்டரில் லீவு போட்டேன். காரணம் என்ற கட்டத்தில் 'சாட்சி சொல்ல' என்று எழுதினேன். கொஞ்ச நேரத்தில் ஹெச்.ஆர். மேனேஜரே போன் செய்தார்.

"என்னப்பா, சாட்சின்னு போட்டிருக்கே? சொந்தக்காரங்க கேஸா?"

"இல்ல சார். பிரஸ் ஷாப் கேஸு."

அவர் குரலைத் தாழ்த்தி, "அதுதான் டிஸ்க்கு கெட்டுப்போச்சேப்பா" என்றார்.

"நல்லாத்தான் சார் இருந்துச்சு" என்றேன். "நான்தான் அழிச்சேன்."